எண்ணெய் குடித்த விரல்

எங்கள் பாலிடெக்னிக்கில் ஒரு கை இருந்தது. ஒரு பேனாவின் எடை பட்டாலே பட்டது என்று தெரிந்துகொண்டு நின்றுவிடும் இரும்புக் கை. எண்பதுகளின் நடுவில் ஏறக்குறைய ஒன்றரை வருடம் அது வேலை செய்தது. அதைச் செய்தவர் எங்கள் ஒர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டர். நான் பௌதிக ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர். அந்தக் கையின் விரல்நுனியில் இருந்த ரப்பர் அன்றன்று எவ்வளவு உணர்கிறது என்று காலை ஒன்பது மணிக்கு அளந்து நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. மேலிடத்திலிருந்து யாரும் கொடுத்த பொறுப்பு அல்ல. அவர் கேட்டார், நான் ஒப்புக்கொண்டேன்.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இல்லை. கல்லூரி அலுவலகத்துப் பீரோவில் இருக்கிறது. என் சொந்த டைரி இருக்கிறது. அதில் இருப்பதையும், இரண்டிலும் நான் எழுதாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்கு இரண்டே விரல்கள். கட்டைவிரல் அசையாது. ஆள்காட்டி விரல் மட்டும் மடங்கி வந்து கட்டைவிரலைத் தொடும். அதை இழுப்பது ஒரு பழைய லாரியின் வைப்பர் மோட்டார். இழுக்கும் கம்பி சைக்கிள் பிரேக் கம்பி. இவ்வளவுதான் என்றால் அது ஒரு இடுக்கி. எதைப் பிடித்தாலும் நசுக்கும். லைப்ரரிக்கு வரும் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் ரோபோக்களைப் பற்றிப் படித்துவிட்டு அவர் என்னிடம் வந்தபோது இதைத்தான் சொன்னார். "அதுகளுக்குக் கண்ணு வச்சிட்டானுவக்கா. காது வச்சிட்டானுவ. தொட்டா தெரியணுமே, அது இன்னும் சரியா வரல. முட்டயக் குடுத்தா ஒடச்சிருது."

அவர் செங்கோட்டைக்காரர். அவருடைய மைத்துனர் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் மேஸ்திரி. ரயிலில் வரும்போதெல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ரப்பர் பால் கொண்டுவருவார். இவர் ஒர்க்ஷாப்பில் காஸ் வெல்டிங் விளக்கை ஆக்சிஜன் திறக்காமல் கொளுத்தி, மேலே ஒரு தகரத்தைப் பிடிப்பார். கூரை வரை கரி பறக்கும். தகரத்தில் படிந்த கரியைச் சுரண்டி ரப்பர் பாலில் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி உறையவிட்டு, பெருவிரல் நகம் அளவுக்கு வெட்டி எடுப்பார். கறுப்பாக, மெத்தென்று இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே இருக்கும் கரித்துகள்கள் ஒன்றை ஒன்று நெருங்கும், மின்சாரம் சுலபமாகப் பாயும், ரிலே 'டக்' என்று தட்டும், மோட்டார் நின்றுவிடும். அழுத்தம் என்றால் ஒரு கோழிமுட்டை தாங்குகிற அழுத்தம்.

முதல் முறை அது முட்டையைப் பிடித்து உடைக்காமல் நின்ற அன்று நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம். அவர் முட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை. "ரீடிங் எழுதிட்டீங்களாக்கா?" என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன்.

என்னை அக்கா என்று அந்தக் கல்லூரியில் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'ஸ்க்ரூகேஜ்'. திருகு அளவியால் நான் எல்லாவற்றையும் மூன்று முறை அளப்பேன் என்பதால் வந்த பெயர். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

அவருக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. நான்கு வருடமாகத் தற்காலிக வேலை. ஒவ்வொரு ஏப்ரலிலும் வேலை முடிந்ததாக ஒரு கடிதம் வரும், ஜூனில் மறுபடியும் சேர்த்துக்கொண்டதாக ஒரு கடிதம் வரும். இடையில் இரண்டு மாதம் அவர் யார் என்றே கல்லூரிக்குத் தெரியாது. முப்பத்தைந்து முடிந்துவிட்டால் நிரந்தரமாக எடுக்க விதி இடம் கொடுக்காது. மெட்ராஸிலிருந்து ஒரு கமிட்டி உறுப்பினர் வந்து இந்தக் கையைப் பார்த்து நல்லபடியாக எழுதிவிட்டுப் போனால் அவரை நிரந்தரமாக்கிவிடலாம் என்று கல்லூரி முதல்வர் சொல்லியிருந்தார். ஆகவே அது அவருக்குக் கை மட்டும் அல்ல. அடுத்த இருபத்து நான்கு வருடம்.

முதல்வர் ஒர்க்ஷாப் பக்கம் வந்தால் உள்ளே வர மாட்டார். சட்டையில் கரி படும். வாசலிலேயே நின்று பேசுவார்.

"என்னவே, ஒம்ம கை இன்னைக்கு முட்டயப் பிடிச்சுதா, ஆம்லெட் போட்டுச்சா?"

"பிடிச்சிருச்சு சார்."

"பேசாம அதயே இன்ஸ்ட்ரக்டரா போட்ருவோமா? லீவு கேக்காது. ஏப்ரல்ல வீட்டுக்கு அனுப்புனா மொகத்தத் தொங்கப் போடாது."

மாணவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். முதல்வர் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்கும். எடுக்க மறந்துவிட்டதைப் போல.

சாரல் தொடங்கிய பிறகு ரப்பர் பட்டைகள் தினமும் ஒரே மாதிரி இருக்கவில்லை. குற்றாலத்துப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசும் நாட்களில் ஓமீட்டர் முள் நிலையாக நிற்காது. அந்த நாட்களையும் எழுதினேன். எழுதுவதென்றால் எல்லாவற்றையும் எழுதுவதுதான். கமிட்டிக்குக் கொடுக்க வேண்டிய ரிப்போர்ட்டை அவர் தென்காசியில் டைப் அடித்து வாங்கி, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஸ்டாஃப் ரூமில் என் கையில் கொடுத்தார். சந்தோஷமாகத்தான் கொடுத்தார். "மொதல்ல ஒங்க கிட்டத்தான் காட்டுதேன்" என்றார்.

நான் பட்டியல் இருந்த பக்கத்தைத் திருப்பினேன். ரிப்போர்ட் அந்த ஜூனிலிருந்துதான். அந்த நாட்களுக்கு என் நோட்டில் நாற்பத்தொரு வரிசை. ரிப்போர்ட்டில் பதினேழு. சாரல் நாட்கள் ஒன்றுகூட இல்லை. இருந்த பதினேழிலும் புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்ணை எடுத்துவிட்டு முழு எண்ணாக ஆக்கியிருந்தார்.

"மத்த நாள் எங்கே?" என்றேன்.

"மழ நாள் எதுக்குக்கா? அது காத்துல ஈரம். கை மேல தப்பில்லயே."

"அதுவும் ரீடிங்தான்."

"அக்கா, நீங்க எழுதுதது நோட்டு. இது ரிப்போர்ட்டு. கல்யாண வீட்டுக்குப் போறவன் வேல பாத்த சட்டையோடயா போவான்?"

அவர் இதை என்னைப் புண்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் சிரித்தார்கள். மெக்கானிக்கல் லெக்சரர் செய்தித்தாளை இறக்கிவிட்டு, "ஏ, வே. ஸ்க்ரூகேஜுக்கு மூக்கு செவந்துட்டு, பாத்துக்கிடும்" என்றார். இன்ஸ்ட்ரக்டரும் சிரித்தார். அவர் எதற்குச் சிரித்தார் என்று எனக்குத் தெரியாது. அந்த அறையில் மற்றவர்கள் சிரிக்கும்போது அவரும் சிரித்துப் பழகியிருந்தார் என்பது மட்டும் தெரியும். நான் ரிப்போர்ட்டை மூடிக் கொடுத்துவிட்டு ஆய்வகத்துக்கு வந்தேன். விட்டுப்போன இருபத்து நான்கு நாட்களையும் நோட்டில் எண்ணி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு சிறிய கோடு போட்டேன். அன்று டைரியில் அவர் பெயரை எழுதவில்லை. 'ஒர்க்ஷாப்' என்று எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் சீசன் கண்காட்சி. எங்கள் கல்லூரிக்கும் ஒரு கடை கொடுத்திருந்தார்கள். முதல்வர் கையைக் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். திங்கட்கிழமை கமிட்டி உறுப்பினர் வருகிறார், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்று இன்ஸ்ட்ரக்டர் சொல்லிப் பார்த்தார். "நாலு பேரு பாக்கட்டும்வே. ஒம்ம பேரு பேப்பர்ல வரும்" என்று முதல்வர் சொல்லிவிட்டார்.

கடை, பெரிய அருவிக்குப் போகும் வழியில் இருந்தது. அருவியில் குளிக்கப் போகிறவர்கள் முதலில் எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். வழியெல்லாம் பலகை போட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள் தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெயை அறைந்து தேய்த்துவிடுவார்கள். எண்ணெய் நன்றாக ஊறட்டும் என்று அரை மணி நேரம் கோமணமும் துண்டுமாகக் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நடப்பார்கள். அன்று அத்தனை பேரும் எங்கள் கடைக்கு வந்தார்கள். தொட்டால் நின்றுவிடும் இரும்புக் கை என்று யாரோ சொல்லி, வரிசையே நின்றுவிட்டது.

இன்ஸ்ட்ரக்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. மாணவனோ வெளியாளோ, யார் அந்த இரும்புக் கையில் விரல் வைக்க வந்தாலும் அதற்கு முன் தன் விரலை வைத்துக் காட்டுவார். "மொதல்ல என் வெரல். அப்புறம் ஒங்க வெரல்." நூறு பேர் வந்தால் நூறு முறை வைப்பார். அன்றும் அப்படித்தான். ரிலே தட்டும், விரல் நிற்கும், பின்பு வந்தவர் விரல்.

மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு பெருத்த மனிதர், எண்ணெய் சொட்டச் சொட்ட, தன் விரலை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தார்.

"கடிக்குமாப்பா?"

"கடிக்காது அண்ணாச்சி. தொட்டா நின்னுரும்."

"தொட்டா நிக்கிறதா? எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, தொட்டாத்தான் ஆரம்பிக்கும்."

அவர் மனைவி பின்னால்தான் நின்றிருந்தார். வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் விரலை வைத்தார், ரிலே தட்டியது, கை தட்டினார்கள். அவருடைய எண்ணெய் விரல்நுனி ரப்பரில் பளபளவென்று இருந்தது. இன்ஸ்ட்ரக்டர் வேட்டி நுனியால் துடைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் இரண்டு வரிசையாக எழுதினேன்: உலர்ந்த கை, எண்ணெய்க் கை. ஆய்வகத்தில் வேலை செய்கிற யாருக்கும் எண்ணெய் பட்ட ரப்பர் கார்க் என்ன ஆகும் என்று தெரியும். ஒரு பொழுதுக்குள் உப்பி, புட்டியின் வாயில் நுழையாது. கையுறையையோ ஒரு பாலிதீன் தாளையோ சுற்றலாம் என்று சொல்லியிருக்கலாம். நான் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் கை வரிசை நீளமாக இருந்தது. மாலையில் கையை வேனில் ஏற்றிக் கல்லூரிக்குக் கொண்டுவந்து ஆய்வகத்து மேசையில் வைத்துப் பூட்டினோம். அதுவரை அது சரியாகத்தான் நின்றது. எண்ணெய் உள்ளே இறங்க நேரம் வேண்டும்.

திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு ஆய்வகத்தைத் திறந்தேன். அவர் கமிட்டி உறுப்பினரை அழைத்துவரத் தென்காசி ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். ரப்பர் பட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஓரங்கள் சுருண்டு, நடுவில் உப்பி, ஈரமான பாக்குபோல இருந்தது. திருகு அளவியால் மூன்று முறை அளந்தேன். முன்பிருந்ததைவிடக் கால் பங்கு தடித்திருந்தது. பத்து கிராம் வைத்தேன். முள் அசையவில்லை. ஐம்பது. நூறு. அரைக் கிலோ வைத்தபோதும் ரிலே தட்டவில்லை. ரப்பர் உப்பியதும் உள்ளே கரித்துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிட்டன. எவ்வளவு அழுத்தினாலும் இனி அவை நெருங்கப் போவதில்லை. அந்த விரலுக்கு இப்போது எதைத் தொட்டாலும் தொட்டது தெரியாது.

நோட்டில் எழுதினேன்: 'காலை 9.20. பட்டை உப்பியுள்ளது. 500 கிராம் வரை தொடுகை தெரியவில்லை. ரிலே இயங்கவில்லை.' கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கம் திறந்திருக்கும்படி நோட்டை மேசையில், கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மாற்றுப் பட்டைகள் மூன்று, டால்கம் பவுடர் தூவி, ஒரு தகர டப்பாவில் இருந்தன. டப்பா ஆய்வகப் பீரோவில். பீரோச் சாவி என் இடுப்பில். இரண்டு சிறிய திருகுகளைக் கழற்றி மாட்டினால் போதும், பத்து நிமிட வேலை. அவர்கள் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நான் அந்த முக்கால் மணி நேரத்தில் எடைகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். கரும்பலகையைத் துடைத்தேன். பிறகு முதலுதவிப் பெட்டியைத் திறந்து டிங்சரும் பஞ்சும் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன.

முட்டை உடையும், அவர் புதுச்சட்டையில் மஞ்சள் கரு வழியும், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன் என்றுதான் பல வருடங்களாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். முட்டை உடைந்தால் டிங்சர் எதற்கு?

பத்தே கால் மணிக்கு அவர் வேகமாக முன்னால் வந்தார். வெள்ளைச் சட்டை, விபூதி, காதோரம் வியர்வை. மற்றவர்கள் வராந்தாவில் வந்துகொண்டிருந்தார்கள்.

"எல்லாம் சரிதானக்கா?"

"ரீடிங் எழுதி வச்சிருக்கேன்" என்றேன்.

"நீங்க இருக்கயில எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு நாற்காலிகளைத் துடைக்கப் போனார். நோட்டு அவர் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

கமிட்டி உறுப்பினர் அமைதியான மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மோட்டாரையும் கம்பியையும் பார்த்தார். முதல்வர் பக்கத்தில் நின்று, "எங்க ஆளுதான் சார். ஆளு கொஞ்சம் லொட லொடா. கை நல்ல கை" என்றார். மெக்கானிக்கல் லெக்சரர் பின்னால் நின்றிருந்தார். எனாமல் தட்டில் ஒரு முட்டை வைத்திருந்தது. மோட்டார் சுவிட்சும் மீட்டரும் என் பக்கம்.

"முட்டையை வையுங்க, பார்ப்போம்" என்றார் உறுப்பினர்.

"மொதல்ல என் வெரல் சார்" என்றார் இன்ஸ்ட்ரக்டர். "அப்புறந்தான் முட்ட. அதுதான் நம்ம பழக்கம்." வலது கை ஆள்காட்டி விரலை இரும்பு விரல்களுக்கு நடுவில் வைத்தார். என்னைப் பார்க்காமலே, "போடுங்கக்கா" என்றார்.

சுவிட்சைப் போட்டேன்.

மோட்டார் சத்தம் கேட்டது. இரும்பு விரல் மடங்கி வந்து அவர் விரலைத் தொட்டது. ரிலே தட்டும் சத்தம் அங்கே கேட்க வேண்டும். கேட்கவில்லை. அவர் உறுப்பினரின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருக்கும்போதே, "மதி" என்றார். போதும் என்பதற்கு அவர்கள் ஊர்ப் பக்கம் மலையாள வார்த்தைதான் வரும். மெதுவாகத்தான் சொன்னார், என்னை மரியாதைக்குறைவாக அவசரப்படுத்தக் கூடாது என்பதைப் போல. பிறகு, "மதிக்கா, மதி, மதி."

என் கை சுவிட்சின் மேல்தான் இருந்தது. என் கண் மீட்டரில் இருந்தது. இவ்வளவு பெரிய அழுத்தத்திலாவது முள் அசைகிறதா என்று பார்த்தேன். அசைந்தது. இரண்டு கோடு. அதைப் பார்த்த பிறகு சுவிட்சை அணைத்தேன். அந்த இரவு டைரியில் நான்கு வினாடி என்று எழுதினேன். இப்போது நினைத்தால் ஐந்தாக இருக்கலாம்.

வைப்பர் மோட்டாரில் ஒரு குணம் உண்டு. அணைத்தாலும் பின்னுக்குப் போகாது. எங்கே நின்றதோ அங்கேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். பிரேக் கம்பியின் நட்டைத் தளர்த்தினால்தான் விரல் விடும். லெக்சரர் ஒர்க்ஷாப்புக்கு ஓடினார். "ஸ்பேனர் எங்கவே வச்சிருக்கீரு?" என்று கத்தினார். பத்தாம் நம்பர் ஸ்பேனர் என் மேசை இழுப்பறையில், எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில், அதன் இடத்தில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். கழற்ற இரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் அவர் தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். கை மட்டும் மேசையில் இருந்தது. முதல்வர், "சார் சட்டயில படாம பாத்துக்கிடுங்க" என்றார். நான் டிங்சரையும் பஞ்சையும் கொண்டுவந்தேன். உடனே கொண்டுவந்தேன்.

நகம் போய்விட்டது. நுனி எலும்பு நொறுங்கியிருந்தது.

உறுப்பினர் குற்றாலத்தில் தங்கி, மறுநாள் முதல்வர் அறையில் விசாரித்தார். இன்ஸ்ட்ரக்டர் கட்டுப்போட்ட கையை மார்போடு பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அவர் மனைவி வராந்தாவில் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தார். ஆறு மாதக் கர்ப்பம் இருக்கும். முதல்வர் என் நோட்டைக் கேட்டு அனுப்பினார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உறுப்பினர் பக்கத்தைப் படித்தார். முதலில் தனக்குள், பிறகு சத்தமாக. "ஐந்நூறு கிராம் வரை தொடுகை தெரியவில்லை. ரிலே இயங்கவில்லை." கண்ணாடிக்கு மேலாக இன்ஸ்ட்ரக்டரைப் பார்த்தார். "இதை நீங்க பார்த்தீங்களா?"

"பாக்கல சார்."

"ஒன்பது இருபதுக்கு எழுதியிருக்காங்க. நீங்க விரல் வைத்தது பத்தரைக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு."

"பாக்கல சார். ஸ்டேஷனுக்கு…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்த ரயிலில் வந்தவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

உறுப்பினர் என் பக்கம் திரும்பினார். "நீங்க அவர்கிட்ட சொன்னீங்களா அம்மா?"

"நோட்டு மேசை மேலே திறந்தே இருந்தது சார். ரீடிங் எழுதி வச்சிருக்கேன்னும் சொன்னேன்."

"சொன்னாங்க சார்" என்றார் இன்ஸ்ட்ரக்டர். "எழுதி வச்சிருக்கேன்னு சொன்னாங்க."

முதல்வர் நாற்காலியில் சாய்ந்தார். "ஏம்வே, படிப்பறிவுள்ள ஆளுதான ஒம்மள எடுத்தோம்? ஒரு பொம்பள காலைல வந்து அளந்து, எழுதி, கையெழுத்துப் போட்டு, விரிச்சும் வச்சிருக்கா. ஒமக்கு அத எட்டிப் பாக்க வலிச்சுதா? இப்பம் வலிக்குதுல்லா?" உறுப்பினர் அதை ரசிக்கவில்லை. ஆனால் அவர் ரிப்போர்ட்டையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பென்சில் கோடு போட்ட வரிசைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். எதற்கு இந்தக் கோடுகள் என்று என்னைக் கேட்டார். ரிப்போர்ட்டில் இல்லாத நாட்கள் என்றேன். அதற்குப் பிறகு அவர் இன்ஸ்ட்ரக்டரிடம் எதுவும் கேட்கவில்லை.

பதிவேடு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று போகும்போது முதல்வரிடம் சொல்லிவிட்டுப் போனாராம். அந்த மாதம் எல்லாத் துறைகளுக்கும் என் நோட்டின் ஒரு பக்கத்தை மாதிரியாக எழுதிச் சுற்றுக்கு விட்டார்கள். இன்ஸ்ட்ரக்டரைப் பற்றிய உத்தரவு அதற்கு முன்பே வந்துவிட்டது. பதிவு செய்யப்பட்ட பழுதைக் கவனிக்கத் தவறியவர், பாதகமான அளவுகளை மறைத்தவர். நிரந்தரப் பணிக்குப் பரிந்துரைக்க இயலாது. ஏப்ரல் வரைகூட வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஜூனுக்குள் அவருக்கு முப்பத்தைந்து முடிந்துவிடும்.

ஒரு புதன்கிழமை, பதினொரு மணிக்கு, விடுவிப்புப் படிவத்தில் என் கையெழுத்து வாங்க ஆய்வகத்துக்கு வந்தார். எங்கள் பொருட்கள் சில அவரிடம் இருந்தன. திருப்பிக் கொடுத்தால்தான் நான் கையெழுத்துப் போட முடியும். ஒரு மஞ்சள் பையில் எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார். கட்டு சிறிதாகியிருந்தது. நான் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் இடது கையால் எடுத்து மேசையில் வைத்தார்.

"ரப்பர் பட்டைக்கான திருகு, இரண்டு" என்றேன்.

சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். அது சிறிய பொருள் என்பதால் வலது கையால் எடுக்கப் பார்த்தார். எடுத்துவிட்டதாக நினைத்துக் கையை மேசைக்கு மேல் கொண்டுவந்து விரல்களைத் திறந்தார். ஒன்றும் விழவில்லை. இரண்டும் காகிதத்திலேயே இருந்தன. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டாக்டரு ஊசியால குத்திப் பாத்தாருக்கா. நுனியில ஒண்ணும் தெரியல. வரும், வராதுன்னு சொல்ல முடியாதுங்காரு." காகிதத்தைக் கவிழ்த்துத் திருகுகளை மேசையில் கொட்டினார். "மச்சான் எஸ்டேட்டுல ஒரு வேல சொல்லியிருக்காரு. பால் எடுக்கதுக்கு இந்தக் கை ஆகாது. கணக்கு எழுதலாம்னு பாக்கேன்."

நான் திருகு என்ற வரிசைக்கு எதிரே டிக் போட்டேன்.

அவர் அடுத்த பொருளை எடுக்காமல் நின்றார். அவர் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதை ஒரு வாரமாக வார்த்தை வார்த்தையாகத் தயாரித்து வைத்திருந்தேன். டைரியில் அது இருக்கிறது, மூன்று வடிவத்தில்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன். மனசுல வச்சிக்கிடாதீங்க" என்றார். "அந்த மழ நாளயெல்லாம் ரிப்போர்ட்ல நான் விட்டிருக்கக் கூடாது. நாப்பது நாளு நீங்க வந்து வந்து எழுதினது. ஸ்டாஃப் ரூம்ல வச்சு வேற சிரிச்சேன். அன்னைக்கே ஒங்க மொகம் ஒரு மாதிரி ஆச்சு, எனக்குத் தெரிஞ்சிது. அப்புறம் அன்னைக்கும் நீங்க எழுதித்தான் வச்சிருக்கீங்க. நாந்தான் பாக்கல. என்னால ஒங்களயும் ஆபீசுல உக்கார வச்சுக் கேள்வி கேட்டுட்டாங்க. மன்னிச்சிருங்கக்கா."

வராந்தாவில் அவர் மனைவி நின்றிருந்தார். உள்ளே பார்க்காமல், சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல" என்றேன். பட்டியலில் அடுத்த வரிக்கு அளவுகோலை இறக்கினேன். "வெர்னியர் காலிபர். ஒண்ணு."

அவர் பையில் தேடினார்.